பறக்கும் கணினியில் எதை எங்கே வைப்பது?

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை; மலருக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது

   

தலைப்பை அறிவித்தவுடன் பின்வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. "வாத்தியாருக்கு வேற வேல இல்ல, விளையாட்டப் பத்திப் பேச வந்துட்டாரு" என்று ஒருவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. உண்மைதான், விளையாட்டில்தான் தொடங்கப் போகிறேன். ஆனால் உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கும் பிறப்புப் பத்திரத்தில் வந்து நிற்பேன். அதுவரை கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துப்போன மாணவன் ஒருவன் இப்போது நான்காம் படிவத்தில் படிக்கிறான். வீடு பாக்கார் ஆராங்கில். அம்மாவுக்கு அங்குள்ள தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். பையனுக்கு விமானி ஆக வேண்டுமென்று ஆசை. அலோர்ஸ்டாருக்குப் பக்கத்தில் கெப்பாலா பத்தாசில் ஆகாயப் படைக் கல்லூரி இருக்கிறதல்லவா? அங்கே பயிற்சி பெறுவோர் ஓட்டும் பிலாத்தூஸ் பி.சி.-7 விமானங்களைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு இந்தப் பைத்தியம். பெற்றோர் இருவரும் ஓவர்டைம் செய்து சேர்த்த பணத்தில், பள்ளி விடுமுறையின்போது ஒரு புதுக் கணினிக்குரிய உறுப்புகளை ஒவ்வொன்றாக வாங்கினார்கள். அதைப் பூட்டுவதற்கு ஒரு சனிக்கிழமை காலை என் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பின்னாலேயே அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அவ்வளவு பணம் போட்டவர்கள் வராமல் இருப்பார்களா?

"வீட்டுக்குள்ள உக்காந்து விமானம் ஓட்டிப் பழகுறதெல்லாம் சும்மா பொழுதுபோக்குதானே சார்?" என்று அப்பா கேட்டார். நான் அவருக்கு எட்வின் லிங்க் என்ற அமெரிக்கரின் கதையைச் சொன்னேன். அவருடைய குடும்பம் ஆர்கன் வாத்தியமும் தானாக வாசிக்கும் பியானோவும் செய்கிற தொழிற்சாலை நடத்தியது. நம் பஜனையில் ஹார்மோனியம் இருக்கிறதே, அதற்குத் துருத்தி உண்டல்லவா? அதைப் போன்ற துருத்திகளைக் கொண்டே அவர் 1929இல் தரையில் நின்றபடி ஆடி அசையும் ஒரு பயிற்சி விமானத்தைச் செய்தார். முதலில் அதைக் கேளிக்கைப் பூங்காக்கள்தாம் வாங்கின. பிறகு 1934இல் அமெரிக்க இராணுவம் தபால் சுமக்கும் வேலையை ஏற்று, மேகத்துக்குள் வழி தெரியாமல் விமானிகள் பலர் மாண்ட பின், ஆறு இயந்திரங்களை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான விமானிகள் அதில்தான் பழகினார்கள். பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான் உயிர் காக்கும் பயிற்சி ஆயிற்று. அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பையன் கொண்டுவந்த பெட்டியில் சேமிப்புக்கென்று மூன்று இருந்தன. 500 ஜிகாபைட்டு எஸ்.எஸ்.டி. ஒன்று, ஒரு டெராபைட்டு எஸ்.எஸ்.டி. ஒன்று, அவன் மாமாவின் பழைய கணினியில் இருந்து கழற்றிய இரண்டு டெராபைட்டு வன்தட்டு ஒன்று. "சார், மூணு டிரைவ் இருக்கு. எதுல எதப் போடுறது? எல்லாத்தையும் சி-யிலேயே போட்டுட்டா என்ன?" என்றான்.

நல்ல கேள்வி. முதலில் இந்த 'சி' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் சொந்தக் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் வன்தட்டு கிடையாது. நெகிழ்தட்டு போடும் வாய்கள் ஒன்றோ இரண்டோ இருக்கும். அவற்றுக்கு ஏ, பி என்று பெயர். 1983இல் வந்த எக்ஸ்.டி. என்ற வகையில் 10 மெகாபைட்டு வன்தட்டு சேர்ந்தது. அடுத்த எழுத்து சி ஆகையால் அதற்கு சி. நெகிழ்தட்டு ஒழிந்து வருடங்கள் ஆகியும் ஏ-யும் பி-யும் காலி நாற்காலியாகக் கிடக்கின்றன, சி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஆக, எழுத்து என்பது வெறும் பெயர்ப்பலகை. பலகைக்குப் பின்னால் இருக்கும் பொருள் என்ன என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

வன்தட்டு என்பது உள்ளே உண்மையிலேயே சுழலும் தட்டு. பழைய கிராமபோனை நினைத்துக்கொள்ளுங்கள். பையனின் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று சுழல்கிறது. அதன் மேல் ஒரு கை அங்குமிங்கும் நகர்ந்து படிக்கிறது. இதை முதன்முதலில் 1956இல் ஐ.பி.எம். விற்றபோது 24 அங்குல அகலத் தட்டுகள் ஐம்பதை ஒரு தண்டில் கோத்து, ஏறக்குறைய ஒரு டன் எடையில் செய்திருந்தார்கள். அவ்வளவும் சேர்ந்து பிடித்தது ஐம்பது இலட்சம் எழுத்து. இன்று நீங்கள் கைப்பேசியில் எடுக்கிற ஒரு படம் அதற்குள் அடங்குவதே கடினம்.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை. எல்லாம் சில்லு. மின்சாரம் நின்ற பிறகும் எழுதியதை மறக்காத சில்லு. 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோகா என்பவர் கண்டுபிடித்தது. புது வகை ஒன்று சூயிங்கம் பட்டை போல 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும்தான் இருக்கும், தாய்ப்பலகையிலேயே நேராகச் செருகிவிடலாம். இது ஏதோ அமெரிக்காவிலிருந்து வந்த மாயப்பொருள் என்று நினைக்காதீர்கள். மூடா ஆற்றைத் தாண்டிப் போனால், செபராங் பிறையின் தென்பகுதியில் பத்து காவானில் இருக்கும் தொழிற்சாலைகளில் எஸ்.எஸ்.டி. செய்கிறார்கள். பினாங்கில் 1972இல் இன்டெல் நிறுவனம் வந்ததிலிருந்து, தோட்டப்புறங்களை விட்டு வெளியேறிய நம் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் தொழிற்சாலைப் பேருந்து ஏறிப் போயிருக்கிறார்கள்! பையனின் அம்மா அந்தப் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதோட ஓரத்துல இருக்கிற ஈயப் பத்து சரியா இருக்குதான்னு பாக்குற வேலைதான் சார் நானும் எட்டு வருஷம் பாத்தேன்" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவருக்கே நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

சரி, விமானத்துக்கு எது வேண்டும்? பால்மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே நிரையில் அடுத்தடுத்து மரம் இருந்தால் வேலை ஓடும். இந்த நிரையில் ஒரு மரம், அந்த மேட்டில் ஒரு மரம், பள்ளத்தில் ஒரு மரம் என்று கொடுத்தால் வெட்டுகிற நேரத்தைவிட நடக்கிற நேரம்தான் அதிகம். வன்தட்டின் கையும் அப்படியே. ஓர் இடத்தில் இருந்து வேறோர் இடத்துக்குத் தாவி, தட்டு சுழன்று வரும்வரை காத்திருந்து படிக்க, ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் 12, 13 பங்கு ஆகிறது. அதாவது நொடிக்கு 80 தாவல்தான் முடியும். எஸ்.எஸ்.டி.க்கு நடை இல்லை. நொடிக்கு ஆயிரக்கணக்கில் பொறுக்கிவிடும்.

இப்போது விமானத்தைப் பாருங்கள். செஸ்னா 172 என்ற சிறிய விமானம் மணிக்கு 220 கிலோமீட்டர் வாக்கில் போகும். ஒரு நொடிக்கு 61 மீட்டர். அந்த வேகத்தில் கீழே புதுப்புது வயல், புதுப்புதுக் கூரை, புதுப்புது மரம் வந்துகொண்டே இருக்கும். அவை எல்லாம் ஒரே கோப்பில் வரிசையாக இல்லை, ஆயிரமாயிரம் சிறு கோப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. திரையில் நொடிக்கு 30 படம் ஓடினால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரத்தில் வன்தட்டால் இரண்டு மூன்று தாவல்தான் செய்ய முடியும். ஆகவே படம் விக்கும். நிலம் மங்கலாகத் தெரியும், பக்கத்தில் போன பிறகுதான் தெளியும்.

ஒரு விஷயத்தை இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எஸ்.எஸ்.டி. போட்டுவிட்டால் எல்லா விக்கலும் நின்றுவிடாது. பாதிக்கு மேல் செயலியும் வரைகலை அட்டையும் செய்கிற தாமதம். எஸ்.எஸ்.டி.களிலேயே விலை கூடினது, குறைந்தது என்று இருக்கிறது. விளம்பரத்தில் நொடிக்கு 7,000 மெகாபைட்டு என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். விமானப் பாவனைக்கு அதனால் பெரிய இலாபம் இல்லை. வன்தட்டில் இருந்து சாதாரண எஸ்.எஸ்.டி.க்கு மாறுவது சைக்கிளை விட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறுவது மாதிரி. அதற்கு மேல் போடுகிற ஒவ்வொரு வெள்ளிக்கும் கிடைப்பது கொஞ்சம்தான். அந்த மிச்சப் பணத்துக்கு நான் வேறு வேலை வைத்திருக்கிறேன், பிறகு சொல்கிறேன்.

எவ்வளவு இடம் வேண்டும் என்று பெற்றோர் கேட்பீர்கள். 1982இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட முதல் பாவனை விமானம் ஒரே ஒரு நெகிழ்தட்டில் அடங்கியது. சிக்காகோ நகரின் ஏரிக்கரை விமானத் திடல் கோடு கோடாகத் தெரியும், அவ்வளவுதான். 2006இல் வந்தது இரண்டு டி.வி.டி. 2020 ஆகஸ்டு 18இல் வந்ததைப் பெட்டியில் வாங்கியவர்களுக்குப் பத்து டி.வி.டி. கொடுத்தார்கள்! அதற்கு 150 ஜிகாபைட்டு இடம் ஒதுக்கச் சொன்னார்கள். உலகத்தின் நிலப்படம் முழுவதும் அதில் இல்லை. அது இரண்டு பெட்டாபைட்டு, அதாவது பையனின் பழைய வன்தட்டைப் போல ஆயிரம் தட்டு நிறையக் கொள்ளும். அது நிறுவனத்தின் கணினிகளிலேயே இருந்து, நாம் பறக்கிற இடத்துக்கு உரியது மட்டும் இணைய வழியே இறங்கும். 2024 நவம்பர் 19இல் வந்த அடுத்த பதிப்பு 50 ஜிகாபைட்டு போதும் என்கிறது, ஏனென்றால் விமானங்களைக்கூட அது இணையத்தில் இருந்துதான் எடுக்கிறது. வீட்டில் இணையம் நொண்டினால் விமானமும் நொண்டும். கம்பிவழி அகன்ற இணையம் எட்டாத தோட்டப்புறத்து வீடுகளுக்கு இது பொருந்தாது. அவர்கள் எக்ஸ்-பிளேன் என்ற வேறு பாவனையைப் பார்க்கலாம். அது நிலப்படத்தை முன்கூட்டியே நம் தட்டில் இறக்கி வைத்துக்கொள்ளும். அப்படியானால் இடம் நிறைய வேண்டும்.

இனி நாங்கள் செய்த ஏற்பாடு. சிறிய எஸ்.எஸ்.டி.யில் விண்டோசும் அன்றாட நிரல்களும். ஒரு டெராபைட்டு எஸ்.எஸ்.டி. முழுவதும் விமானத்துக்கு. பாவனையை நிறுவும்போதே, பொதிகளை எங்கே வைக்க என்று அது கேட்கும். அவசரத்தில் 'சரி' 'சரி' என்று தட்டிக்கொண்டே போனால் எல்லாம் சி-யில் போய்க் குவிந்துவிடும், அந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். பறந்த வழியின் படங்களைச் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கிடங்கையும் அந்த இரண்டாவது எஸ்.எஸ்.டி.க்கே மாற்றினோம். பையன் கூடுதலாகச் சேர்க்கப்போகும் விமானங்களும் விமான நிலையங்களும் அங்கேதான். ஏன் பிரிக்கிறோம் என்றால், என்றைக்காவது விண்டோஸ் கெட்டு, அழித்துவிட்டுப் புதிதாகப் போட நேர்ந்தால், பல நாள் இறக்கிச் சேர்த்த விமானக் கோப்புகள் தொடப்படாமல் இருக்கும். எஸ்.எஸ்.டி.யை விளிம்புவரை நிரப்பவும் கூடாது. பத்தில் ஒரு பங்காவது காலியாக விட்டால்தான் அதற்கு மூச்சுவிட இடம் இருக்கும். பழைய வன்தட்டில் மெதுவாக வந்தாலும் குற்றமில்லாதவை: படங்கள், பாடக் குறிப்புகள், பத்திரங்கள்.

விண்டோஸ் போடும் நேரத்தில் மற்ற இரண்டையும் கழற்றி வைத்துவிட்டோம். இதைச் சோம்பல் பார்க்காமல் செய்யுங்கள். திரையில் 0, 1, 2 என்று எண்தான் தெரியும், எது எந்தத் தட்டு என்று பெயர் தெரியாது. தவறான எண்ணைத் தொட்டு அழித்துவிட்டால் மாமாவின் கல்யாணப் படமெல்லாம் போச்சு.

எல்லாம் முடிந்து வன்தட்டை மாட்டினால், அது தெரியவே இல்லை! பையன் முகம் வாடிவிட்டது. "மாமா குடுத்தது செத்துப்போச்சு சார்" என்றான். தாய்ப்பலகையோடு வந்த கையேட்டைப் புரட்டினோம். இரண்டாவது எஸ்.எஸ்.டி.யை அந்தக் குறிப்பிட்ட பள்ளத்தில் செருகினால் கம்பி மாட்டும் வாய்களில் இரண்டு வேலை செய்யாது என்று சிறிய எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு. வேறு வாயில் மாட்டினோம். உயிர் வந்துவிட்டது. கையேட்டைப் படிக்காமல் தட்டைக் குப்பையில் போட்டவர்கள் எத்தனை பேரோ!

அப்போது அம்மாவுக்கு ஒரு சந்தேகம். "சார், ஆயிரம் ஜிபின்னு சொல்லித்தானே காசு வாங்குனாங்க. இதுல தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுதான் காட்டுது. மிச்சம் எங்க?" ஸ்டோரில் பால் நிறுக்கும்போது தராசைக் கூர்ந்து பார்த்தே வளர்ந்த பரம்பரை நம்முடையது, அந்தக் கண் தப்புமா? ஆனால் இங்கே யாரும் திருடவில்லை. காத்திக் கணக்கும் கிலோ கணக்கும் போலத்தான். தட்டு செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள். விண்டோஸ் 1,024, 1,024ஆகப் பெருக்குகிறது. அளவுகோல் வேறு, சரக்கு ஒன்றே.

அப்பா விடவில்லை. "ஒரே பெரிய தட்டா வாங்கி, அதையே சி, டின்னு ரெண்டாப் பிரிச்சிருந்தா மலிவா முடிஞ்சிருக்குமே சார்?" என்றார். நம் ஊரில் பல கணினிகள் அப்படித்தான் வருகின்றன. அதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. பதில் தானாக வந்தது.

மாலை நான்கு மணிக்கு விமானம் கிளம்பியது. அலோர்ஸ்டாரில் ஏறிப் பினாங்கை நோக்கித் தெற்கே போனோம். வயல்வெளி முடிந்து இடப்பக்கம் ஜெராய் மலை. 1,217 மீட்டர் உயரம். பையன் மேகத்துக்குள் புகுந்து மலைமேலேயே மோதினான்! அம்மா "ஐயோ" என்று கத்திவிட்டார். இரண்டாம் தடவை உயரம் சேர்த்து, மலையைச் சுற்றிக்கொண்டு சுங்கைப்பட்டாணிப் பக்கம் திரும்பினான். பாக்கார் ஆராங்கின் கூரைகள் கீழே வரிசையாக வந்தன. தரையின் படம் உண்மையானது, வானத்திலிருந்து எடுத்தது. வீடுகளோ ஆஸ்திரியா நாட்டு நிறுவனம் ஒன்றின் கணினி, கூரையின் வடிவத்தைப் பார்த்து ஊகித்து எழுப்பியவை. ஆகவே நம் பள்ளி இருக்கிற இடத்தில் ஏதோ வெள்ளைக்கார ஊர் வீடு மாதிரி ஒன்று நின்றது. கோவிலுக்கும் கோபுரம் இல்லை. எல்லோரும் சிரித்தோம்.

அம்மா மட்டும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "சார், நம்ம பழைய லயம் இருந்த எடம் எங்க?" என்றார். பையன் வட்டமடித்தான். அங்கே வீடமைப்புத் திட்டத்தின் கூரைகள். லயமும் இல்லை, பெரட்டுக்கு நின்ற திடலும் இல்லை. "நீங்க அப்ப நெறையப் படம் புடிச்சீங்களே சார், எங்க பாட்டி பேசுனதக்கூடப் பதிவு பண்ணீங்க. அதுல ஒண்ணு குடுங்களேன்" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சில ஆண்டுகளாக அந்தக் குடும்பத்தின் கண்ணில் படாமல் நான் ஒதுங்கி நடந்தேன். இந்த மேடையில் ஒளிக்காமல் சொல்கிறேன். லயங்களை உடைக்கும் முன் 2016இல் இருந்து வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்தேன். வயதானவர்கள் பேசியதை ஒலிப்பதிவு செய்தேன். கள்ளுக்கடையும் கோவில் திருவிழாவும், விடியற்காலையில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனதும், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போனதும் அவர்கள் வாயாலேயே 46 பதிவுகள். பத்திரமாக இருக்கட்டும் என்று இரண்டு பிரதி வைத்தேன். ஒன்று சி-யில், ஒன்று டி-யில். இரண்டு எழுத்து, ஆகவே இரண்டு இடம் என்று நம்பினேன். கணினி படித்தவன்தான், பயிற்சிச் சான்றிதழும் சுவரில் தொங்குகிறது. ஆனால் இரண்டும் ஒரே தட்டு. ஒரே லயத்தின் நடுவே பலகை அடித்து இரண்டு வீடாக்கினால், தீப்பிடிக்கும்போது பலகையா காப்பாற்றும்?

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கணினி பல மாதம் ஈரக்காற்றில் தூங்கிற்று. பிறகு ஒரு நாள் போட்டபோது உள்ளே 'டிக், டிக், டிக்' என்று பல்லி கத்துகிற சத்தம். சி-யும் இல்லை, டி-யும் இல்லை. மீட்டுத் தருகிறோம் என்றவர்கள் கேட்ட தொகை என் இரண்டு மாதச் சம்பளம். கடன் வாங்கிக் கொடுத்தும் தட்டின் பரப்பே சுரண்டிப் போயிருந்ததால் ஒன்றும் வரவில்லை. 46இல் மூன்று பதிவுகள் மட்டும் மிஞ்சின, அவற்றை முன்பே வாட்சாப்பில் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பியிருந்ததால். பேசியவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை. பையனின் கொள்ளுப்பாட்டியும் இல்லை. அவருடைய பதிவு அந்த மூன்றில் ஒன்று அல்ல.

அம்மா திட்டவில்லை. சற்று நேரம் கழித்து, "அப்ப எங்க பத்திரத்தையெல்லாம் எங்க வைக்கிறதுன்னு சொல்லுங்க" என்றார். அப்பாவும், "பிரிக்க வேணாம் சார், வெளங்கிருச்சு" என்றார்.

இதற்காகத்தான் மிச்சப் பணத்தைக் கேட்டேன். அதிவேக எஸ்.எஸ்.டி.க்குப் போக இருந்த அந்தப் பணத்தில் வெளியே மாட்டும் தட்டு ஒன்று வாங்குங்கள். வேலை முடிந்ததும் கழற்றி, அலமாரியில் வையுங்கள். மாட்டியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல் புகும் நாளில் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும், இடி விழுந்தால் இரண்டும் கருகும். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் சொன்ன கணக்கு உலகெங்கும் பரவியிருக்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் என்றால் தூரதேசம் வேண்டாம். பீடோங்கில் இருக்கிற அக்காள் வீடு போதும். பென்டிரைவை நம்பி மட்டும் இருக்காதீர்கள். அது தொலைவதற்கென்றே பிறந்தது.

பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், உங்கள் கல்யாணப் பதிவு, அடையாள அட்டையின் இரு பக்கம், சேமநிதித் தாள், தாத்தா பாட்டியின் பழைய பத்திரம் கிடைத்தால் அதுவும், எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள். படம் அசலுக்கு ஈடாகாது, அதைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். ஆனால் அசல் தொலைந்தோ கறையான் அரித்தோ போனால், பதிவிலாகாவில் மறுபிரதி கேட்கும்போது அதில் இருக்கும் எண்ணும் நாளும் உங்களிடம் இருக்கும். பத்திரம் இல்லாத ஒரே காரணத்தால் தேர்வுக்கும் வேலைக்கும் அலைந்த பிள்ளைகளை இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நான் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று மறந்துவிட்டேன். புது விண்டோஸ் 11, நம்மைக் கேட்காமலே தட்டைப் பூட்டிவிடுவதுண்டு. அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் ஒன்று இருக்கும். கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் பிள்ளைக்கு மட்டும் தெரிந்து, பிள்ளை விடுதிக்குப் படிக்கப் போய்விட்டால், தாய்ப்பலகை கெடும் நாளில் நீங்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். அந்த எண்ணைத் தாளில் எழுதி, பிறப்புப் பத்திரத்தோடு இரும்புப் பெட்டியில் வையுங்கள். இரும்புப் பெட்டிக்கு இன்னும் வேலை இருக்கிறது பாருங்கள்.

பையன் தன் மூன்று டிரைவுக்கும் பெயர் வைத்துவிட்டான். முதலாவது 'வீடு', இரண்டாவது 'ஆகாயம்', பழைய வன்தட்டு 'பெட்டகம்'. வெளியே கழற்றி வைக்கும் தட்டுக்கு மேல் அம்மா தன் கையாலேயே ஒட்டுத்தாள் ஒட்டி, எந்தத் தேதியில் கடைசியாகப் பிரதி எடுத்தோம் என்று பென்சிலால் எழுதி வருகிறார். மாதச் சம்பள நாள்தான் பிரதி எடுக்கும் நாள். மறக்காதல்லவா?

வருகிற பள்ளி விடுமுறையின் முதல் இரண்டு சனிக்கிழமையும் காலை ஒன்பது மணி முதல் கணினி அறையில் இருப்பேன். பத்திரங்களைக் கொண்டு வாருங்கள், படம் எடுத்துத் தருகிறேன். பழைய கைப்பேசி, பழைய தட்டு, திறக்காத மடிக்கணினி எது இருந்தாலும் துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள். பழைய லயத்துப் படமோ, அங்கே இருந்த யாருடைய குரலோ அதில் இருக்கலாம். இருந்தால் எனக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இந்தத் தடவை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியும்.